கடலைத் தோண்டியவர்கள்

2017ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் குமரிமுனைக்குத் தெற்கே கடல்வழியாகக் கடந்து சென்றது. கரையில் மரங்கள் சாய்ந்தன. கடலில் மனிதர் மறைந்தனர். ஆழ்கடலில் தங்கி மீன்பிடிக்கச் சென்றிருந்த பலருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவே இல்லை. எங்கள் பங்கிலும் சில வீடுகளின் முற்றங்களில் பந்தல் போடப்பட்டது; ஆனால் பந்தலின்கீழ் வைப்பதற்கு உடல் இல்லை.

அத்தகைய வீடுகளுள் ஒன்றிற்குப் பங்கின் விவிலியப் பணிக்குழுவினராகிய நாங்கள் ஐவரும் செபிக்கச் சென்றோம். இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி மடியில் குழந்தையோடு சுவரோரம் அமர்ந்திருந்தாள். நாங்கள் திருப்பாடல் ஒன்றை வாசித்தோம். பின்னர் எங்களுள் மூத்தவர், வழக்கமாகச் சொல்லப்படும் ஆறுதல் மொழிகளைச் சொல்லி, இறுதியில், "எல்லாம் இறைவனின் திருவுளம், மகளே" என்றார். அதுவரை தலைகுனிந்திருந்த அப்பெண் நிமிர்ந்தாள்.

"காத்த அனுப்பினது ஆண்டவர்தானா ஐயா? யோனா கதையில அப்படித்தானே இருக்கு?"

அவள் சண்டைக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பினாள். எங்களுக்கோ விடை தெரியவில்லை. விரைந்து ஒரு விசுவாசப் பிரமாணம் சொல்லி எழுந்து வந்துவிட்டோம். திரும்பும் வழியில் ஐவரும் ஒருவரோடொருவர் பேசவில்லை. ஆண்டுக்கணக்காக அன்பியங்களில் இறைவார்த்தையை விளக்கி வந்தோம். பயிற்சிப் பாசறைகளில் சான்றிதழ்களும் பெற்றிருந்தோம். ஒரு பெண்ணின் ஒரே கேள்வி, நாங்கள் விளக்கி வந்த நூலை நாங்களே கூர்ந்து வாசித்ததில்லை என்பதை வெளிப்படுத்திவிட்டது.

குருமடத்தில் நெடுங்காலம் மறைநூல் கற்பித்து, ஓய்வுபெற்று, அண்டைப் பங்கில் தங்கியிருந்த அருட்தந்தை ஒருவரை நாடிச் சென்றோம். "யோனா நூலை எங்களுக்கு விளக்கித் தாருங்கள், சாமி" என்று கேட்டோம். அவர் சற்று நேரம் எங்களைப் பார்த்தார். "விளக்க மாட்டேன். வேண்டுமானால் வாசிக்கக் கற்றுத் தருகிறேன், எபிரேயத்தில்" என்றார். அவர் விளையாட்டாகச் சொல்கிறார் என்றே நினைத்தோம். ஆனால் 2018ஆம் ஆண்டுத் தவக்காலத்தின் முதற்சனிக்கிழமை மாலையில், நாற்பது பக்க நோட்டுகளோடு அவருடைய அறையில் அமர்ந்திருந்தோம்: ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், அரசு மருத்துவமனைச் செவிலியர் ஒருவர், தையற்கடை நடத்தும் சகோதரி ஒருவர், கூட்டுறவுச் சங்க எழுத்தர் ஒருவர், விசைப்படகில் தொழிலுக்குச் செல்லும் இளைஞர் ஒருவர். இளைஞரைத் தவிர அனைவரும் நாற்பதைக் கடந்தவர்கள்.

எபிரேயத்தில் எழுத்துகள் இருபத்திரண்டே. இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளை அரிச்சுவடியில் கற்றுத் தேறிய தமிழருக்கு இது எம்மாத்திரம் என்று எண்ணினோம். அந்த எண்ணம் ஒரு வாரத்திலேயே கரைந்தது. வலமிருந்து இடமாக எழுத வேண்டும். ஐந்து எழுத்துகள் சொல்லின் இறுதியில் வந்தால் வடிவம் மாறும். பேத்தும் காஃபும் உடன்பிறந்தார் போலிருக்கும். ஹேயும் ஹெத்தும் இரட்டையர் போலிருக்கும். தமிழில் ப என்னும் ஓரெழுத்தே இடத்திற்கேற்ப வன்மையாகவும் மென்மையாகவும் ஒலிக்கும். எபிரேயத்தில் அவ்விரண்டுக்கும் தனித்தனி எழுத்து. எங்கள் காதும் நாவும் அவ்வேறுபாட்டைப் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. ஆயின் என்னும் எழுத்தைத் தொண்டையின் அடியிலிருந்து ஒலிக்க முயன்றபோது, "உடம்புக்கு முடியவில்லையா?" என்று சமையலறையிலிருந்து கேட்டார்கள். நம் ழகரத்தைச் சொல்ல முயன்று திணறிய வெளிநாட்டவரைக் கண்டு முன்பு நகைத்ததற்கு இது கழுவாய் போலும்.

தாலெத் என்னும் எழுத்துக்கும் ரேஷ் என்னும் எழுத்துக்கும் உள்ள வேறுபாடு மூலையில் நீளும் ஒரு சிறு கொம்பு மட்டுமே. 'எஹாத்' என்றால் ஒன்று. 'அஹேர்' என்றால் வேறொன்று. உயிர்க்குறிகள் இன்றி எழுதினால் இவ்விரு சொற்களையும் பிரிப்பது கடைசி எழுத்தின் அக்கொம்புதான். இறைவன் ஒருவரே என்று இஸ்ரயேல் அறிக்கையிடும் இணைச்சட்ட நூலின் ஆறாம் அதிகாரத்தில், அதனை வேறொருவர் என்று எவரும் பிழையாக வாசித்துவிடாதபடி, யூத மறைநூல் வல்லுநர் அந்தத் தாலெத்தைத் தோற்சுருளில் பெரிதாக எழுதுவர். ஓர் எழுத்தின் மூலையில் நம்பிக்கையே தங்கியிருக்கக்கூடும் என்பதை அன்று கற்றோம். சட்டத்தின் சிற்றெழுத்தும் அழியாது என்று ஆண்டவர் இயேசு உரைத்ததன் பொருளும் அன்றுதான் கண்முன் நின்றது.

பழைய எபிரேய ஏடுகளில் மெய்யெழுத்துகளே பெரும்பாலும் எழுதப்பட்டன. உயிரொலிகளை வாசிப்பவரே நினைவிலிருந்து சேர்த்துக்கொண்டார். அந்நினைவு அழிந்துவிடலாகாதென்று கலிலேயக் கடலோரத் திபேரியாவில் வாழ்ந்த மசோரா அறிஞர்கள், ஏறக்குறைய ஏழாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரை உழைத்து, எழுத்துகளின் கீழும் மேலும் புள்ளிகளும் கோடுகளும் இட்டு உயிரொலிகளைக் காத்தனர். ஆனால் ஒரு மெய்யெழுத்தையும் அவர்கள் மாற்றவில்லை. இதைக் கேட்டபோது ஆசிரியர், "நம் ஓலைச்சுவடிகளிலும் புள்ளி இராதே!" என்றார். உண்மைதான். சுவடிகளில் மெய்க்குப் புள்ளியில்லை. எகர ஏகார வேறுபாடும் இல்லை. வாசிப்பவரே பொருளறிந்து பிரித்துக்கொள்ள வேண்டும். அந்த ஏகாரத்திற்கும் ஓகாரத்திற்கும் தனி வடிவம் தந்து நம் வாசிப்பை எளிதாக்கியவர், முப்பது வயதான பின்னர் தமிழகம் வந்து தமிழ் பயின்ற வீரமாமுனிவர் அன்றோ!

அவருக்கும் முன்னர் முத்துக்குளித்துறையில் வலைகளின் நடுவே அமர்ந்து தமிழ் கற்றவர் அண்டிரிக் அடிகளார். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் தந்த கொடை. போர்த்துக்கல்லில் யூத மரபினராகிய குடும்பத்தில் பிறந்தவர் அவர்; அப்பிறப்பின் காரணமாகவே அங்குத் துறவற சபையொன்றிலிருந்து விலக நேர்ந்தவர். எபிரேயர் வழிவந்த ஒருவர் நம் கடலோர மக்களுக்காகத் தமிழ் கற்றார். அம்மக்களின் வழிவந்த நாங்கள் சிலர் எபிரேயம் கற்க அமர்ந்தோம். இது பழைய கடனின் சிறு பகுதியேனும் ஆகட்டும் என்று எண்ணிக்கொண்டோம்.

மனம் தளர்ந்த சனிக்கிழமைகள் பல. அப்போதெல்லாம் தந்தை புனித எரோணிமுஸைப் பற்றிக் கூறுவார். சிசரோவின் இலத்தீனில் திளைத்த அப்பேரறிஞர், சிரியப் பாலைவனத்தில், கிறித்தவராகியிருந்த யூதர் ஒருவரிடம் அரிச்சுவடியிலிருந்து எபிரேயம் பயின்றார். சீறலும் மூச்சுத்திணறலுமாக ஒலிக்கும் மொழி என்று சலித்துக்கொண்டார், பலமுறை கைவிட்டார், மீண்டும் தொடங்கினார். அந்தக் கசப்பான விதையிலிருந்துதான் 'வுல்காத்தா' என்னும் கனி திருச்சபைக்குக் கிடைத்தது. 1943இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மறைநூலின் மூலமொழிகளைக் கற்குமாறு சுற்றுமடல் வழியாக வற்புறுத்தினார். இறைமக்கள் அனைவருக்கும் மறைநூல் எளிதில் கிட்ட வேண்டும் என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் முழங்கியது. 'அனைவருக்கும்' என்ற சொல்லில் தையற்கடைச் சகோதரியும் அடங்குவார் என்று தந்தை சிரித்தபடி சொல்வார்.

எழுத்துகள் வசப்பட்ட பின்னர் சொற்கள் தம்மைத் திறந்து காட்டலாயின. எபிரேயச் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்களாலான வேரிலிருந்து கிளைப்பவை. வேரைக் கண்டுபிடிக்காமல் அகராதியைப் புரட்ட இயலாது. 'ஆதாம்' என்னும் மனிதன் 'அதாமா' என்னும் மண்ணோடு ஒட்டிப் பிறந்த சொல் என்பதைக் கண்ட ஆண்டில், திருநீற்றுப் புதன் எங்களுக்கு வேறொரு நாளாயிற்று. இரக்கத்தைக் குறிக்கும் 'ரஹமீம்' என்னும் சொல் தாயின் கருவறையாகிய 'ரெஹெம்' என்பதோடு வேர் பகிர்வதை அறிந்தபோது, செவிலியர் நோட்டை மூடிவைத்து வெகுநேரம் சும்மா இருந்தார். மகப்பேற்றுப் பிரிவில் இருபது ஆண்டு பணியாற்றியவர் அவர்.

இங்கே எங்கள் குற்றம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அரைகுறை அறிவு அகந்தையைப் பெற்றெடுக்கும். ஓர் அன்பியக் கூட்டத்தில், எண்பதை நெருங்கிய எங்கள் உபதேசியார் யோனாவைத் திமிங்கிலம் விழுங்கியதாகச் சொன்னார். எங்களுள் ஒருவர் உடனே எழுந்து, "எபிரேயத்தில் 'தாக் காதோல்' என்றுதான் இருக்கிறது. பெரிய மீன் என்று பொருள். திமிங்கிலம் என்று இல்லவே இல்லை" என்றார். கூறியது சரிதான், கூறிய விதம் சரியன்று. சிறுவர்கள் சிரித்தார்கள். உபதேசியார் புத்தகத்தை மூடிவிட்டு அமர்ந்தார். அடுத்த இரண்டு வாரங்கள் கூட்டத்திற்கு வரவில்லை.

தந்தையிடம் சொன்னோம். அவர், "யோனா நூலில் மறையறிவு மிகுந்தவர் யார்? யோனாதான். கடவுள் இரக்கமுள்ளவர் என்று சரியாகச் சொல்பவரும் அவரே, அதற்காகச் சினந்து ஊருக்கு வெளியே உட்கார்ந்திருப்பவரும் அவரே" என்று மட்டும் கூறினார். அன்றிரவே ஐவரும் உபதேசியார் வீட்டிற்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்: "எனக்கும் எபிரேயம் தெரியும் மக்களே. ஆமென், அல்லேலூயா, ஓசன்னா. எழுபது வருசமாச் சொல்லிக்கிட்டு வாறேன்." நாங்கள் தலைகுனிந்தோம். 'ஆமென்' என்னும் சொல்லின் வேருக்கு உறுதியாக நிற்றல், நம்பி ஊன்றுதல் என்று பொருள் என அகராதியில் வாசித்திருந்தோம். அவ்வேரை வாழ்ந்து காட்டியவர் எங்கள்முன் கயிற்றுக் கட்டிலில் அமர்ந்திருந்தார்.

2020இல் பெருந்தொற்று வந்தது. தந்தையின் அறைக்குச் செல்ல இயலாமல், கைபேசி வழியே ஒருவர் வாசிக்க மற்றவர் திருத்தினோம். நாற்பத்தெட்டே வசனங்கள் கொண்ட யோனா நூலை முதன்முறை முடிப்பதற்கு எங்களுக்கு மூன்றாண்டுகளுக்கு மேல் ஆயின. தேர்ந்தவர் ஒரே மாலையில் முடித்துவிடுவர். ஆனால் அந்த மெதுநடையிலன்றோ வழியின் கற்களெல்லாம் காலுக்குத் தெரிந்தன!

யோனா யோப்பாவுக்கு இறங்குகிறார், கப்பலுக்குள் இறங்குகிறார், கப்பலின் அடித்தளத்திற்கு இறங்குகிறார், கடைசியில் மலைகளின் அடிவாரம்வரை கடலுக்குள் இறங்குகிறார். எல்லா இடத்திலும் ஒரே வினை. கடவுளை விட்டு ஓடுவதென்பது இறங்கிக்கொண்டே இருப்பது என்று நூல் விளக்கவில்லை. சொல்லை மீண்டும் மீண்டும் வைத்துக் காட்டிவிடுகிறது. ஆண்டவர் காற்றைக் கடல்மீது எறிகிறார், மாலுமிகள் சரக்கைக் கடலில் எறிகிறார்கள், தம்மை எறிந்துவிடுமாறு யோனா கேட்கிறார், அவ்வாறே எறியப்படுகிறார். இங்கும் ஒரே வினை. கப்பல் உடையும் நிலையில் இருந்தது என்று மொழிபெயர்ப்புகள் கூறும் இடத்தில், உடைந்துவிடுவதாகக் கப்பல் 'எண்ணியது' என்று எபிரேயம் கூறுகிறது. அச்சொல்லில் கப்பல் பெண்பால். எங்கள் படகுத்தொழில் இளைஞர் இதைக் கேட்டுச் சிறிதும் வியக்கவில்லை. "எங்க படகும் அப்படித்தான் சாமி. பயந்தா அவள் மரத்தில சத்தம் வரும்" என்றார். தந்தை தம் பழைய பாடக்குறிப்பின் ஓரத்தில் அதை எழுதிக்கொண்டார்.

முதல் அதிகாரத்தின் பதின்மூன்றாம் வசனத்தை அடைந்தபோதுதான் எங்கள் வகுப்பே நின்றுபோயிற்று. யோனாவைக் கடலில் எறிந்தால் புயல் ஓயும் என்று அறிந்த பின்பும், அந்தப் பிற இனத்து மாலுமிகள் அவரை எறிய மனமின்றிக் கரைசேர முயல்கிறார்கள். தண்டு வலித்தார்கள் என்று நாம் வாசிக்கும் இடத்தில் எபிரேயத்தில் உள்ள வினை 'ஹாத்தர்'. அகராதியைப் புரட்டினோம். தோண்டுதல் என்று இருந்தது. எசேக்கியேல் சுவரைக் குடைவதற்கும் இதே சொல்தான். முன்பின் அறியாத ஒரு மனிதனைக் காப்பதற்காக அவர்கள் கடலைத் தோண்டினார்கள்! இளைஞர் எழுந்து வெளியே சென்றுவிட்டார். புயலுக்குப் பின் தேடச் சென்ற படகுகளுள் ஒன்றில் அவரும் இருந்தார் என்பது எங்களுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அப்பெண் கேட்ட கேள்வியை நாங்கள் மறக்கவில்லை. 'ரூவாக்' என்னும் எபிரேயச் சொல் காற்றையும் மூச்சையும் ஆவியையும் ஒருங்கே குறிப்பது. யோனா நூலில் ஆண்டவர் எறிவது ரூவாக்கை. ஆனால் அரசர் முதல் நூலின் பத்தொன்பதாம் அதிகாரத்தில், ஓரேபு மலையில் எலியாவின்முன் பாறைகளைப் பிளக்கும் பெருங்காற்று வீசுகிறதே, அதுவும் ரூவாக்தான். அந்தக் காற்றில் ஆண்டவர் இல்லை என்று நூல் வெளிப்படையாகக் கூறுகிறது. நிலநடுக்கத்திலும் தீயிலும் இல்லை. அதன்பின் வருவதைக் குறிக்கும் சொல் 'தெமாமா': ஓசையடங்கிய அமைதி. பழைய ஏற்பாடு முழுவதிலும் அச்சொல் மூன்றே இடங்களில் வருகிறது. ஒன்று இது. மற்றொன்று யோபு நூலின் நான்காம் அதிகாரம். இன்னொன்று, கடலில் தத்தளிப்போரின் புயலை ஆண்டவர் அமைதியாக்குவதைப் பாடும் 107ஆம் திருப்பாடல். ஒரு காற்றை ஆண்டவர் எறிந்ததாகக் கூறும் அதே மறைநூல், மற்றொரு காற்றில் அவர் இல்லை என்றும் கூறுகிறது. எங்கள் ஊரைத் தாக்கிய காற்றைப் பற்றியோ அது ஒன்றும் கூறவில்லை. நாங்கள்தாம் அதன் பெயரால் கூறிவிட்டிருந்தோம்.

2022ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில், ஐந்தாம் நினைவு நாளன்று, மீண்டும் அவ்வீட்டிற்குச் சென்றோம். மடியில் இருந்த குழந்தை பள்ளிச் சீருடையில் நின்றது. இம்முறை எங்களுள் மூத்தவர் சொன்னார்: "அன்று நீ ஒரு கேள்வி கேட்டாய், மகளே. திருவுளம் என்று நான் சொன்னது தெரியாமல் சொன்னது. தெரிந்தது போலச் சொன்னது தவறு. எங்களுக்குத் தெரியாது." அவள் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். "இதைச் சொல்லவா அஞ்சு வருசம் படிச்சீங்க?" என்றாள். அவள் முகத்தில் ஏளனம் இல்லை. ஏதோ ஒன்று இளகியிருந்தது. "ஆமாம், மகளே" என்றோம். பிறகு யாரும் ஒன்றும் பேசவில்லை. அந்த அமைதியை விரைந்து ஒரு செபத்தால் மூடிவிட நாங்கள் இம்முறை முயலவில்லை.

திண்ணையில் கணவனின் அண்ணன் அமர்ந்திருந்தார். எட்டு நாள் கடலில் தேடி, வெறுங்கையோடு திரும்பியவர். அன்று முதல் கோயிலுக்கு வராதவர். இன்னும் இரண்டு நாள் தேடியிருந்தால் தம்பி கிடைத்திருப்பான் என்பது அவர் உள்ளத்தில் தைத்த முள். எங்கள் இளைஞர் அவரருகே போய் உட்கார்ந்து, அந்த ஒரு வசனத்தை மட்டும் எடுத்துச் சொன்னார். "தண்டு வலிச்சாங்கன்னு நாம வாசிக்கிறோம் அண்ணா. மூலத்தில தோண்டினாங்கன்னு இருக்கு. கடலைத் தோண்டினாங்க. ஆனா முடியல. முடியலன்னும் எழுதியிருக்கு. அதுக்காக ஆண்டவர் அவங்களைக் குத்தம் சொல்லல."

நெடுநேரம் அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தோண்டத்தான் செஞ்சோம்" என்றார் பிறகு. "எட்டு நாள் தோண்டினோம்." துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஐந்தாண்டுகளில் அவர் அழுவதைத் தாம் பார்ப்பது இதுவே முதன்முறை என்று அவருடைய மனைவி பின்னர் எங்களிடம் கூறினார்.

மூலமொழி எல்லாருக்கும் இன்றியமையாதது என்று நாங்கள் சொல்லவில்லை. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு நம் கைகளில் இருக்கிறது. மீட்புக்கு வேண்டியது அதில் குறைவின்றி உள்ளது. உபதேசியாரின் மூன்று சொற்களும் போதும். எனினும், இறைவார்த்தையின் பெயரால் பிறர் துயரத்தின்முன் வாய்திறக்கும் பணியை ஏற்றவர், அவ்வார்த்தை கூறாததைக் கூறாதிருக்கவேனும் கற்றாக வேண்டும். எபிரேயம் எங்களுக்குத் தந்த பயன், பேசுவதற்குப் புதிய செய்திகளைவிட, பேசாதிருக்க வேண்டிய இடங்களே மிகுதி.

யோனா நூல் ஒரு கேள்வியோடு முடிகிறது. கேட்பவர் ஆண்டவர், யோனா என்ன விடை சொன்னார் என்று நூல் கூறவில்லை. கேள்வியோடு முடியும் நூலைத் திருச்சபை மறைநூலாக ஏற்றிருக்கிறது என்றால், கேள்வி கேட்கும் பெண்ணுக்கும் அச்சபையில் இடமுண்டு என்பதில் ஐயமென்ன?

சனிக்கிழமை வகுப்பு இன்றும் நடக்கிறது. யோனாவுக்குப்பின் ரூத்து நூலைக் கையிலெடுத்தோம். அது மூன்று கைம்பெண்களோடு தொடங்குகிறது. தாலெத்தையும் ரேஷையும் எங்களுள் சிலர் இன்றும் மாற்றி வாசிக்கிறோம். தந்தை இன்றும் பொறுமையோடு, அந்தச் சிறு கொம்பின்மீது விரலை வைத்துக் காட்டுகிறார்.